முனைவர் பட்ட ஆய்வேட்டோடு தரவையும் ஒப்படைக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்கும்போது அதன் மின்படியும் வாங்கப்படுகிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் 'சோத்கங்கா' தளத்தில் அது ஏறிவிடுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டால், இன்று யாரும் எந்த ஊரில் இருந்தும் ஓர் ஆய்வேட்டைத் திறந்து படிக்க முடிகிறது. ஆனால் அந்த ஆய்வேட்டின் நான்காம் இயலில் உள்ள அட்டவணைகள் எந்த எண்களிலிருந்து பிறந்தனவோ, அவற்றுக்கு இப்படி ஓரிடம் இல்லை. அவை ஆய்வாளரின் மடிக்கணினியில் கிடக்கின்றன. அவர் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகிறார், கணினி பழுதாகிறது, ஐந்தாண்டு உழைப்பின் மூலத் தரவு அத்தோடு போய்விடுகிறது. இதைத் தடுக்க ஆய்வாளர்கள் என்ன செய்யலாம், நம் மதுரைக் கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது பற்றி எழுத விரும்புகிறேன்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள குறை இல்லை. செடிகள், விலங்குகளின் உடலளவுகளை வைத்து எழுதப்பட்ட 516 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் மூலத் தரவைக் கேட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2014-இல் 'கரண்ட் பயாலஜி' இதழில் வந்தது. கட்டுரைகளின் வயது 2 முதல் 22 ஆண்டு வரை. ஒவ்வோர் ஆண்டு கழியும்போதும் தரவு மிஞ்சியிருக்கும் வாய்ப்பு 17 சதவீதம் குறைந்துகொண்டே போனது. மின்னஞ்சல் முகவரி செத்துப்போனதும், இன்று எந்தக் கணினியும் படிக்காத பழைய தட்டுகளில் தரவு மாட்டிக்கொண்டதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள்.

நம்மிடம் இப்போது இருக்கும் சோதனை எழுத்துத் திருட்டுக்கான சோதனை ஒன்றுதான். மானியக் குழுவின் 2018 விதிப்படி, ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று மென்பொருள் பார்த்துச் சொல்கிறது. வாக்கியங்களுக்கு இவ்வளவு காவல் வைத்திருக்கிறோம். அட்டவணை 4.3-இல் உள்ள சராசரி சரியா என்று பார்க்க நினைத்தால், மூலத் தாள் இல்லாமல் எந்தத் தேர்வாளராலும் முடியாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ன்டன், புகழ்பெற்ற இரு பொருளியலாளர்கள் அரசுக் கடன் பற்றி 2010-இல் எழுதிய கட்டுரையின் எக்ஸெல் தாளைக் கேட்டு வாங்கினார். சராசரி எடுக்கும் பார்முலா, பட்டியலில் இருந்த 20 நாடுகளில் 5 நாடுகளை விட்டுவிட்டிருந்தது 2013-இல் வெளியே வந்தது. வேறு கணக்கீட்டு முறைகளையும் அவர் கேள்வி கேட்டார். தாள் பத்திரமாக இருந்ததாலும், அதைக் கொடுக்க ஆசிரியர்கள் சம்மதித்ததாலும்தான் இது நடந்தது.

தரவு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை போதும். உங்கள் ஃபோல்டரைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுங்கள், நீங்கள் வாய் திறக்காதீர்கள். ஒரு பிற்பகலுக்குள் அவர் உங்கள் அட்டவணை 4.3-ஐ அப்படியே உருவாக்கிவிட்டால் தரவு நல்ல நிலையில் இருக்கிறது. பெரும்பாலும் அவர் நான்கு இடங்களில் தடுக்கி விழுவார்: எது மூலம், எது திருத்தியது என்று தெரியாது; அட்டவணைப் பத்தியின் (நெடுவரிசையின்) தலைப்புக்குப் பொருள் தெரியாது; அலகு தெரியாது; எந்த வரிசைகள் நீக்கப்பட்டன, ஏன் என்று தெரியாது.

முதல் தடுக்கலுக்கு மருந்து எளிது. மேலூர் வட்டத்தில் 60 கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் நீர் எடுத்து, 11 பண்புகளை அளக்கும் ஆய்வை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1320 எண்கள்தான். இதற்கு மூலம், திருத்தியது, கணக்கீடு, வெளியீடு என நான்கு ஃபோல்டர் போதும். கருவியிலிருந்து வந்த கோப்பும், வயல் குறிப்பேட்டின் ஸ்கேனும் மூலத்துக்குள் போகும். போனதும் அவற்றைப் 'படிக்க மட்டும்' என்று பூட்டிவிட வேண்டும். பிழை கண்ணில் பட்டாலும் மூலத்தைத் தொடக் கூடாது. திருத்தத்தை இரண்டாவது ஃபோல்டரில் உள்ள படியில் செய்து, தேதி, கிணற்று எண், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, காரணம் என ஐந்து பத்தி கொண்ட திருத்தப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் 'இந்த 7.9 ஏன் 6.9 ஆனது?' என்று கேட்டால் பதில் அந்த வரியில் இருக்கும்.

கோப்புப் பெயரில் தேதி முதலில் வரட்டும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில். '2025-03-14_மேலூர்_கிணறு07_வ1' என்பது போல. அப்போது கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கும். இங்கே புரிவதற்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன். உண்மையில் கோப்புப் பெயரை இடைவெளி இல்லாத ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது. பழைய ஆய்வுக்கூட மென்பொருள்கள் தமிழ்ப் பெயரைக் கண்டால் கோப்பைத் திறக்க மறுப்பதுண்டு. 'இறுதி', 'புதிய இறுதி' என்ற பெயர்களை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வ1, வ2, வ3 என்று பதிப்பு எண் போட்டால் போதும்.

காகிதத்தையும் மறக்க வேண்டாம். பல ஜெல் பேனாக்களின் மை ஒரு மழைத்துளிக்கே கரைந்துவிடும். வயலுக்குப் பால்பாயிண்ட் பேனாவே நல்லது. அன்றன்று மாலையே பக்கங்களைப் படமெடுத்து வைக்க வேண்டும். கடை பில் போல வெப்பத்தாளில் அச்சிடும் கருவிகள் இன்னும் பல ஆய்வுக்கூடங்களில் உள்ளன. அந்தத் தாளை அப்படியே நோட்டில் ஒட்டினால் நம் ஊர் வெயிலுக்கு ஒரு சில ஆண்டில் எழுத்து மங்கிவிடும். நகலெடுத்து ஒட்டுங்கள்.

எக்ஸெல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆய்வாளர்களின் பிழைகளில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. நில ஆய்வில் புல எண் 12/3 என்று தட்டினால் எக்ஸெல் அதை மார்ச் 12 என்று மாற்றிவிடும். நீங்கள் கவனிக்காமல் சேமித்தால் பழைய எண் திரும்ப வராது. 145/2 மாறாது, 12/3 மாறும். அதனால்தான் பிழை பாதிப் பத்தியில் மட்டும் இருந்து கண்ணுக்குத் தப்புகிறது. உலகம் முழுக்க மரபணு ஆய்வாளர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுப் பெயர்கள் தேதியாகிக்கொண்டே இருந்ததால், பெயரிடும் குழுவே மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. அதை 2020-இல் வெளியிட்ட நெறிமுறையில் சொன்னார்கள். தட்டத் தொடங்கும் முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' வகைக்கு மாற்றிவிட்டால் இது வராது. தட்டிய பிறகு மாற்றிப் பயனில்லை. வங்கிக் கணக்கு எண்ணின் முன்னால் உள்ள சுழியும் இப்படித்தான் காணாமல் போகிறது. 15 இலக்கத்துக்கு மேல் நீளும் எண்ணின் கடைசி இலக்கங்கள் சுழியாகிவிடும்.

நீர் வேதியியலில் இன்னொரு பொறி உண்டு. கருவி கண்டறிய முடியாத அளவு குறைவாக இருந்தால் பலரும் அந்தக் கட்டத்தில் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதுகிறார்கள். எக்ஸெலின் சராசரிப் பார்முலா எழுத்து உள்ள கட்டங்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். மிகக் குறைந்த மதிப்புகள் எல்லாம் கணக்கில் சேராமல் சராசரி உயர்ந்துவிடும். எண்ணுக்கு ஒரு பத்தி, 'கண்டறியும் எல்லைக்குக் கீழ்' என்ற குறிப்புக்குத் தனியாக ஒரு பத்தி வைத்து, கருவியின் எல்லை மதிப்பையும் எழுதி வையுங்கள்.

அழகுக்காக நடுவில் ஒரு வெற்றுப் பத்தி விடுவது பெரிய ஆபத்து. எக்ஸெல் அதை வேலி என்று எடுத்துக்கொண்டு, இந்தப் பக்கம் உள்ளதை மட்டும் வரிசைப்படுத்தும். அந்தப் பக்கம் அசையாது. ஏழாம் கிணற்றின் ஃப்ளூரைடு இருபதாம் கிணற்றுக்குப் போய்விடும், எந்த எச்சரிக்கையும் வராது. சந்தேகமான மதிப்புகளுக்கு மஞ்சள் பூசுவதும் வேண்டாம். மதிப்புகளை மட்டும் வெறும் எழுத்தாகச் சேமிக்கும் சிஎஸ்வி கோப்பாக மாற்றும்போது நிறம் போய்விடும், அதோடு நீங்கள் சொல்ல வந்த செய்தியும் போகும். 'ஐயம்' என்று ஒரு பத்தி போட்டு 1 அல்லது 0 எழுதுங்கள்.

அடுத்தது குறியீட்டு விளக்கம். ஒவ்வொரு பத்திக்கும் பெயர், பொருள், அலகு, வரக்கூடிய மதிப்புகள், விடுபட்டதற்கான குறி, இவ்வளவும் ஒரு தாளில் இருக்க வேண்டும். அலகை எழுதுவதில் சோம்பல் கூடாது. குடிநீரில் நைட்ரேட்டுக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதையே நைட்ரஜனாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 10. தாளில் வெறும் '10' என்று இருந்தால் அந்தக் கிணறு நல்ல கிணறா, எல்லையைத் தொட்ட கிணறா என்று எழுதியவரைத் தவிர யாருக்கும் தெரியாது. மூன்று ஆண்டு கழித்து அவருக்கும் தெரியாது.

குடும்பக் கணக்கெடுப்பு செய்பவர்கள் வயது தெரியாதவர்களுக்கு 99 என்று போடும் வழக்கத்தை விட வேண்டும். சராசரி வயது 40 உள்ள 200 பேரில் ஐந்து பேருக்கு 99 போட்டுவிட்டு மறந்தால் சராசரி ஏறக்குறைய ஒன்றரை வயது கூடிவிடும். கட்டத்தை வெறுமையாக விட்டு, பக்கத்துப் பத்தியில் 'தெரியாது', 'பதில் சொல்லவில்லை', 'பொருந்தாது' என்பதில் எது என்று குறிக்கலாம். ஊர்ப் பெயர்களில் 'திருமங்கலம்', 'தி.மங்கலம்', பின்னால் ஓர் இடைவெளியோடு 'திருமங்கலம் ' என மூன்று விதமாகத் தட்டினால் கணினிக்கு அவை மூன்று ஊர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வோர் ஊருக்கும் குறியீட்டு எண் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

தமிழ்த்துறை ஆய்வாளர்களுக்குத் தரவு என்ற சொல்லே அந்நியமாகப் படுகிறது. வாய்மொழிப் பாடலும் கல்வெட்டுப் படியும் சுவடிப் படமும் தரவுதான், அதிலும் திரும்பக் கிடைக்காத தரவு. இவர்களுக்கு முதல் சிக்கல் எழுத்துரு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது திரையில் 'தமிழ்' என்று தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பது சில ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆய்வேடு முழுவதும் குப்பையாகத் தெரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு குறியீட்டுக்கு மாற்றுங்கள், ஆனால் பழைய கோப்பை அழிக்காதீர்கள். மாற்றும் முன் எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் ஒன்று எடுத்து வைத்தால், மாற்றியில் எங்கே பிழை நேர்ந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். 'ஸ்ரீ', ஔகார எழுத்துகள், மேற்கோள் குறிகள் ஆகியவற்றைக் கண்டிப்பாகக் கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

யுனிகோடிலும் ஒரு நுட்பம் உண்டு. 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்து ஒரே குறியீடாகப் பதிவாகலாம். தனித்தனியே இரண்டு குறியீடுகளாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பாரிப் பாடல் தொகுப்பில் 'கொடி' எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால், சில நிரல்கள் ஒரு வகையை மட்டும் எண்ணும். எண்ணத் தொடங்கும் முன் தொகுப்பு முழுவதையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஆனால் 'கௌ' என்பதற்கு ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியே தட்டியிருந்தால் அந்த மாற்றத்தாலும் சரியாகாது. தேடித் திருத்தத்தான் வேண்டும். எக்ஸெலில் இருந்து சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது 'யுடிஎஃப்-8' என்று இருப்பதையே தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியில் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும்.

ஒலிப்பதிவை நல்ல தரத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 320 எம்பி ஆகும். 40 பேரிடம் ஒரு மணி நேரம் பேசினாலும் 13 ஜிபிக்குள் அடங்கும். இடம் மிச்சப்படுத்துகிறேன் என்று மூலத்தைச் சுருக்க வேண்டாம். பதிவின் தொடக்கத்தில் தேதி, ஊர், தகவலாளி எண் ஆகியவற்றை வாயாலேயே சொல்லிவிடுங்கள். கோப்புப் பெயர் மாறினாலும் குரல் சொல்லிவிடும். படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்குவதோடு எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். 'டாக்குமெண்ட்' என்று அனுப்பினால் அப்படியே போகும்.

மனிதர்களிடம் திரட்டும் தரவில் நாம் காட்டும் அலட்சியம் மனதை உறுத்துகிறது. பெயரை நீக்கிவிட்டால் ஆள் தெரியாது என்று நினைக்கிறோம். உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு சிற்றூர், 43 வயதுப் பெண், முன்னாள் ஊராட்சித் தலைவர் என்று எழுதினால் அந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? வயதை 40–49 என்றும், ஊரை வட்டம் என்றும் பெரிதாக்கிக் காட்ட வேண்டும். பெயரும் கைப்பேசி எண்ணும் ஒரு கோப்பில், பதில்கள் வேறொரு கோப்பில், இரண்டையும் இணைப்பது ஓர் எண் மட்டும். பெயர்க் கோப்பை 7-ஜிப் போன்ற இலவச மென்பொருளில் கடவுச்சொல் போட்டுப் பூட்டி, அந்தச் சொல்லை உறையிலிட்டு நெறியாளரிடம் கொடுத்து வையுங்கள். மறந்துபோனால் திறக்க வழி கிடையாது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்குச் சில விலக்குகள் தந்தாலும், நம்மை நம்பி வாசலில் உட்கார வைத்துப் பேசியவர்களுக்கு நாம் பட்ட கடன் குறையாது. ஒப்புதல் படிவத்திலேயே 'அடையாளம் நீக்கிய தரவை மற்ற ஆய்வாளர்களுக்கும் தரலாமா?' என்று தனியாகக் கேட்டுக் கையொப்பம் வாங்க வேண்டும். ஆய்வு முடிந்தபின் மீண்டும் வீடு வீடாகப் போக முடியாது.

காப்புப் படிகளுக்கு வருகிறேன். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு கட்டடத்தில். மடிக்கணினியையும் ஹார்ட் டிஸ்க்கையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினால் அது ஒரே படிதான். பை தொலைந்தால் இரண்டும் போச்சு. பென் டிரைவ் எடுத்துச் செல்வதற்கான பொருள், சேமிப்புக்கு அல்ல. கூகுள் டிரைவில் கணினியோடு ஒத்திசைக்கும் ஃபோல்டரும் முழுக் காப்பு ஆகாது. கணினியில் அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்தால் பணம் பறிக்கும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும், படியெடுத்ததும் கழற்றிவிடுங்கள். கல்லூரி தந்த மின்னஞ்சல் கணக்கு, படிப்பு முடிந்ததும் மூடப்படலாம். சொந்தக் கணக்கையும் இரண்டு ஆண்டு தொடாமல் விட்டால் கூகுள் நீக்கக்கூடும்.

பெரிய நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மீக்கணினியில், காப்பு எடுக்கும் நிரலிலேயே நேர்ந்த பிழையால் 77 டெராபைட் அளவுக்கு ஆய்வுக் கோப்புகள் அழிந்தன. மாதம் ஒரு நாள் காப்புப் படியிலிருந்து ஏதாவது மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்பை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

இனி நிறுவனங்கள் செய்ய வேண்டியது. மானியக் குழுவின் 2022 விதிகளின்படி ஆய்வாளர் ஒவ்வொரு பருவமும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் தோன்ற வேண்டும். நம் பக்கத்தில் டி.சி. மீட்டிங் என்கிறோம். அங்கே பவர்பாயிண்ட் பார்ப்பதோடு நிறுத்தாமல், பத்து நிமிடம் ஒதுக்கி, ஓர் அட்டவணையைக் குழு சுட்டிக்காட்டி, அதன் மூலக் கோப்பைத் திறக்கச் சொல்லட்டும். கோர்ஸ் வொர்க்கில் ஆய்வு அறநெறிப் பாடம் ஏற்கெனவே இருக்கிறது. அதிலேயே இரண்டு பக்கத் தரவுத் திட்டம் ஒன்றை எழுதி வாங்கலாம்: என்ன தரவு, எவ்வளவு அளவு, எங்கே மூன்று படிகள், யாருக்குத் திறக்கும் உரிமை, பட்டம் பெற்றபின் எங்கே போகும்.

இடம் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஒரு துறையில் 40 ஆய்வாளர், ஆளுக்கு 50 ஜிபி என்றாலும் மொத்தம் 2 டெராபைட். நான்கு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றைத் துறையிலும் மற்றொன்றை நூலகத்திலும் வைக்கலாம். நூலகரே இதற்குப் பொறுப்பாளராக இருப்பது பொருத்தம். சோத்கங்காவுக்கு ஆய்வேட்டை ஏற்றும் வேலை பல இடங்களில் அவர்களிடம்தான் இருக்கிறது. வெளியிடத் தடையில்லாத தரவை, ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் நடத்தும் 'ஜெனோடோ' தளத்தில் இலவசமாக ஏற்றலாம். ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம் தருகிறார்கள். கட்டுரைகளுக்குக் கிடைப்பதைப் போல டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும். எல்லாவற்றையும் திறந்து வைக்க வேண்டும் என்பதில்லை. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் கழுகு, வல்லூறுகளின் கூடுகளை ஆராய்பவர், துல்லியமான இடக்குறியை வெளியிட்டால் வேட்டைக்கு வழிகாட்டியதாகும். அகல, நெடுங்கோடுகளை இரண்டு தசம இலக்கத்தோடு நிறுத்தினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அளவுக்கு இடம் மறையும். முழு எண்களை நூலகப் படியில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சினாப்சிஸ் என்னும் ஆய்வுச் சுருக்கத்தை ஒப்படைக்கும் நாளில், ஆய்வேட்டுக்கான சான்றுகளோடு இன்னும் ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள்: மூலத் தரவும், திருத்தப் பதிவேடும், குறியீட்டு விளக்கமும் துறையில் பெறப்பட்டன, திறந்து பார்க்கப்பட்டன என்று துறைத் தலைவரும் நூலகரும் கையொப்பமிட்ட தாள். வரும் கல்வியாண்டில் சேரும் ஆய்வாளர்களிடமிருந்தாவது இதைத் தொடங்கும்படி மதுரையின் உயர்கல்வி நிறுவனங்களைத் தங்கள் நாளிதழ் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவர்களுக்குப் புள்ளியியல் வழிகாட்டும் ஆசிரியர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.